தேரிக்காட்டில் ஒரு பகல் நடை: குதிரைமொழித் தேரிக்குத் திட்டம் போடுவது எப்படி

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி, மேலப்புதுக்குடி, நாலுமாவடி ஊர்களை ஒட்டிக் கிடக்கும் செம்மணல் மேடுகளைத்தான் குதிரைமொழித் தேரி என்கிறோம். உயரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பொதிகை மலைப் பக்கம் ஏறிப் பழகியவர்களுக்கு இது வாய்க்கால் வரப்பு மாதிரித்தான் தோன்றும். ஆனாலும் நான் கூட்டிப்போன புதியவர்களில் பாதிப் பேர் நாக்கு தள்ளித்தான் திரும்பி வந்திருக்கிறார்கள்.

காரணம் எப்போதும் ஒன்றுதான். "ஏழு கிலோமீட்டர்தானே, ஒன்றரை மணி நேரத்தில் வந்துரலாம்" என்று தூரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். தேரியில் கிலோமீட்டர் கணக்கு செல்லாது, மணிக்கணக்குதான் செல்லும். அதனால் முதலில் காலம், அப்புறம் அனுமதி, நேரம், தண்ணீர், கடைசியில் பாதை என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். பாதையை முதலில் முடிவு செய்தவர்கள் அந்தப் பாதைக்கு ஏற்றபடி நேரத்தை இழுப்பார்கள். வெயில் அவர்களுக்காகக் காத்திருக்காது.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

தை, மாசி. இந்த இரண்டு மாதமும்தான் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த மணல் அப்போது இறுகிக் கிடக்கும். மேலே ஒரு மெல்லிய ஓடு மாதிரிப் படிந்திருக்கும், கால் அதிகம் புதையாது. மழைக்குப் பிறகு நிறமும் நன்றாக இருக்கும். மணல் துகள்களின் மேல் படிந்திருக்கும் இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு. ஈரம் பட்டால் அது இன்னும் கறுத்துச் சிவக்கும்.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே மணல் சுட ஆரம்பிக்கும். ஆடி, ஆவணியில் மேல்காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழமொழி மட்டும் கிடையாது. கண்ணில், காதில், சோற்றில் எல்லாம் மணல் விழும், நடந்த தடம் கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அதிலும் இடி மின்னல் நேரத்தில் மேட்டு உச்சியில் நிற்பது ஆபத்து.

தையிலும் ஒரு சிக்கல் உண்டு. தைப்பூசத்துக்கு நாலைந்து நாள் முன்பிருந்தே திருச்செந்தூர்ச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம் நிறையும். விடுதியில் அறை கிடைக்காது, வண்டி நகராது. பங்குனி உத்திரத்தன்று நம் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் சாஸ்தா கோயில், அய்யனார் கோயில் என்று குலதெய்வத்துக்குக் கிளம்பிவிடும். தேரிக்குள் இருக்கும் கோயில்களிலும் அன்று கால் வைக்க இடம் இருக்காது. கார்த்திகைக் கடைசியில் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டு. விழாவைப் பார்க்கப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். நடக்கப் போகிறவர்கள் இந்த நாள்களைக் காலண்டரில் முதலில் அடித்துவிடுங்கள்.

2. அனுமதி கேளுங்கள்

தேரியின் பெரும் பகுதி காப்புக்காடு. மணல்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று நுழைந்துவிடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு, காட்டுக்குள் நடைப்பயணம் போவதற்குத் தமிழக அரசு தனி விதிகளே போட்டிருக்கிறது. கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவது வேறு. பை மாட்டிக்கொண்டு மேடு மேடாகச் சுற்றுவது வேறு.

திருச்செந்தூர் வனச்சரக அலுவலகத்தில் நேரில் விசாரித்து, அவர்கள் சொல்கிறபடி தூத்துக்குடி மாவட்ட வன அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். இரண்டு வாரம் முன்னதாகவே கொடுங்கள். பெயர், வயது, போன் எண், வண்டி எண், நுழையும் இடம், நுழையும் நேரம், வெளியே வரும் நேரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கடைசி வரி முக்கியம். வெளியே வரும் நேரம் எழுதாத மனுவைப் பார்த்தால், இவர்கள் ராத்திரி தங்கப் போகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். இரவு தங்கல், தீ மூட்டுதல், டிரோன் இதெல்லாம் மனசில் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

காட்டைச் சுற்றியிருக்கும் பனைவிளைகளும் கொல்லாத் தோப்புகளும் (முந்திரித் தோப்புகள்) பட்டா நிலம். வேலி இல்லை என்பதால் பொது நிலம் ஆகிவிடாது. ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடங்கள். "அண்ணாச்சி, இந்த வழியா ஏறிக்கலாமா?" என்று கேட்டால் போதும். ஒரு பெரியவர் எங்களிடம் "எங்க போறிய தம்பி?" என்று விசாரித்து, "போங்க, வடலிய மட்டும் மிதிச்சிராதிய" என்று அனுப்பிவைத்தார். வடலி என்றால் இளம் பனை. அப்புறம் கூப்பிட்டு, நாங்கள் போக நினைத்த பக்கம் ஓடை அறுத்துக் கிடக்கிறது, வடக்கே சுற்றிப் போங்கள் என்றும் சொன்னார். அந்த ஓடை எந்த வரைபடத்திலும் இல்லை.

3. மணலை விட்டு வெளியேறும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

தையில் கூட காலை பத்தரைக்கு மேல் தேரி மணலில் இருக்கக் கூடாது என்பது என் கணக்கு. காற்றின் வெப்பம் 32, 33 டிகிரிதான் இருக்கும், ஆனால் வெறும் மணலின் மேல்பரப்பு நண்பகலில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். மேலிருந்து வெயில், கீழிருந்து காந்தல். நிழலுக்கு உடை என்கிற முள்மரம்தான் உண்டு. அதன் நிழலோ சல்லடை மாதிரி.

ஆக, வெளியேறும் நேரம் 10.30. தையில் சூரியன் உதிக்க ஆறரையைத் தாண்டிவிடும், ஆனாலும் ஆறே காலுக்கு நடக்கும் அளவு வெளிச்சம் வந்துவிடும். ஆறே காலுக்குக் கால் வைத்தால் கையில் இருப்பது நாலே கால் மணி நேரம். உட்கார, தண்ணீர் குடிக்க, படம் எடுக்க முக்கால் மணி போனால் மீதி மூன்றரை மணி நேரம்.

கால் புதையும் இளமணலில் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கிலோமீட்டர் நடக்கிறவர்தான் நீங்கள், ஆனால் அது தார்ச்சாலையில். மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடியிலும் நாம் உந்துகிற உந்தலில் ஒரு பங்கு மணலைப் பின்னால் தள்ளுவதிலேயே போய்விடுகிறது. ஆக மூன்றரை மணி நேரத்துக்கு ஏழு கிலோமீட்டர், அதற்கு மேல் ஒரு அடி கிடையாது. குழந்தைகளோ அறுபது தாண்டியவர்களோ உடன் வந்தால் ஐந்து.

போன வழியே திரும்புவதாக இருந்தால் 8.15க்குத் திரும்ப வேண்டும். எங்கே நின்றாலும் சரி. "அந்த மேட்டை மட்டும் பார்த்துட்டு வந்துருவோம்" என்று யாராவது சொல்வார்கள், நிச்சயம் சொல்வார்கள். அந்த மேட்டுக்கு அப்புறம் இன்னொரு மேடு இருக்கும். எட்டே காலுக்கு எல்லார் போனிலும் அலாரம் வையுங்கள். ஒரு ஆள் போனில் மட்டும் வைத்தால் அந்த ஆளே அணைத்துவிடுவார், பார்த்திருக்கிறேன்.

4. தண்ணீரும் சாப்பாடும்

காலை நடைக்கு மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர். நடுப்பகலுக்கும் மாலைக்கும் இன்னும் இரண்டு லிட்டர் வண்டியில் இருக்கட்டும். மூன்று லிட்டரில் ஒன்றில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கலந்துவிடுங்கள். இல்லையென்றால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தண்ணீர் வயிற்றில் நிறைந்திருக்கும், கெண்டைக்கால் மட்டும் இழுத்துப் பிடிக்கும்.

ஐந்து லிட்டர் கேனை ஒருவர் கையில் தூக்கி வருவதும், நாலு பேர் தண்ணீரை ஒருவர் பையில் போடுவதும் வேண்டாம். அந்த ஒருவர் பின்தங்கினால் எல்லாருக்கும் தாகம். அவரவர் தண்ணீர் அவரவர் முதுகில்.

முதல் லிட்டரைத் திரும்பும் நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடித்துப் பெருமைப்படுகிறவர்கள்தான் ஒன்பது மணிக்குத் தலைவலி என்று உட்காருகிறார்கள்.

சாப்பாட்டுக்குப் புளியோதரைதான். கெடாது, உப்பும் புளிப்பும் வாய்க்குப் பிடிக்கும், இலையில் மடித்துக் கட்டினால் ஒரு கையால் சாப்பிடலாம். ஒரு தடவை வீட்டில் ஆசையாகக் கொடுத்தார்களே என்று டப்பாவில் தயிர்ச்சாதம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும் ஒரு காற்று. மாதுளை முத்துப் போட்டது மாதிரி சிவப்பாகப் புள்ளி புள்ளியாக மணல். அதற்குப் பிறகு டப்பாவே கிடையாது. நடுவில் வாயில் போட உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டும் வறுத்த கடலையும். சாக்லேட் உருகிவிடும்.

மாசி தொடங்கினால் விளைகளில் பதநீர் இறக்குவார்கள். இறக்கிய உடனே, காலையிலேயே, ஓலைப் பட்டையில் வாங்கிக் குடியுங்கள். ஆனால் நடந்து முடித்த பிறகு குடியுங்கள். இனிப்பாக அரை லிட்டரை இறக்கிவிட்டு மேடு ஏறினால் வயிறு குலுங்கும். மரத்தில் தொங்கும் கலயத்தில் கை வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

5. காலுக்கும் உடம்புக்கும்

செருப்பு வேண்டாம். மணல் சுடும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உடைமுள் வெள்ளையாக, ஊசி மாதிரி நீளமாக இருக்கும். ரப்பர்ச் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். உதிர்ந்த கிளைகள் மணலுக்கு அடியில் புதைந்து கிடப்பதால் பார்த்து நடந்தும் தப்பிக்க முடியாது.

ஓடுவதற்கென்று விற்கிற வலைத்துணி ஷூவும் சரிவராது. தேரி மணல் பொடி. வலையின் கண் வழியே உள்ளே போய் விரல்களுக்கு நடுவில் அரைக்கும், ஒரு மணி நேரத்தில் கொப்புளம். அடி தடித்த, மேல்பக்கம் மூடிய ஷூவும் கெட்டிச் சாக்ஸும் போடுங்கள். பழைய சாக்ஸின் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, மீதிக் குழாயை ஷூவின் வாயும் கணுக்காலும் சேரும் இடத்தில் மாட்டிவிட்டால் மேலிருந்து மணல் கொட்டாது. செலவில்லாத ஏற்பாடு.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, தலைக்கு ஒரு துண்டு. வெள்ளைத் துணி போட்டு வராதீர்கள். அந்தச் சிவப்பு சலவைக்குப் போகாது. முள் எடுக்க ஊசியும் சிறிய இடுக்கியும் ஒரு ஆளிடமாவது இருக்கட்டும்.

போனை உறைக்குள் போடுங்கள். செம்மணலுக்குள் கறுப்பாக இரும்புத் தாதுத் துகள்கள் கலந்திருக்கின்றன. போன் ஒலிபெருக்கிக்குள் இருக்கும் காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மணலில் போனை வைத்து எடுத்தால் ஒலிபெருக்கி ஓட்டையில் கறுப்பு மீசை முளைத்திருக்கும். பிளாஸ்டிக் உறை போதும்.

6. பாதையைப் போனில் ஏற்றுங்கள்

இப்போதுதான் பாதைக்கு வருகிறோம். முதல்முறை போகிறவர்கள் மேலப்புதுக்குடிப் பக்கம் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி போகும், மர நிழல் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு, திரும்பி வந்து கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அங்கிருந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, மரம் குறைந்த செம்மேடு ஒன்றைத் திரும்பும் இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். மேடும் பள்ளமும் சுற்றி நடக்கும்போது அது மூன்றரை ஆகிவிடும்.

வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். பள்ளத்துக்குள் சிக்னல் வராது. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடம் மட்டும் உள்ளே இருக்க வேண்டும். வண்டி நிற்கும் இடத்தைக் குறிக்க மறந்தவர்கள் நிறைய. திரும்பும் மேட்டைப் பெரிதாகக் குறித்திருப்பார்கள், வண்டியைக் குறித்திருக்க மாட்டார்கள். இரண்டு பேர் போனிலாவது இரண்டும் இருக்கட்டும், பவர் பேங்க் ஒன்றும்.

அடையாளமாகப் பனைமரத்தை வைக்கக் கூடாது. எங்கள் குழுவில் ஒரு தம்பி, "அந்த ஒத்தைப் பனைக்கு நேரா வந்தா வண்டி" என்று உறுதியாகச் சொன்னான். ஏறும்போது ஒத்தைப் பனைதான். உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தால் நாற்பது ஒத்தைப் பனை. அடையாளம் வேண்டுமென்றால் மனிதன் கட்டியதைப் பிடியுங்கள்: கோயில், செல்போன் கோபுரம், மின்கம்ப வரிசை.

7. போய்ச் சேருங்கள், வண்டியைத் தாரிலேயே நிறுத்துங்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வழியாக வந்தால் சுமார் 60 கிலோமீட்டர். ஆறே காலுக்கு மணலில் கால் வைக்க வேண்டும் என்பதால் நாலே காலுக்குக் கிளம்பியாக வேண்டும். முந்தின ராத்திரியே திருச்செந்தூரில் தங்குவது உத்தமம். கோயில் ஊர் என்பதால் டீக்கடை அதிகாலையிலேயே திறந்திருக்கும். கழிப்பறை வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வண்டியை மணலில் இறக்காதீர்கள். பாதை மாதிரித் தெரியும், பத்தடி போனதும் சக்கரம் புதையும். பயத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள், மிதிக்க மிதிக்க அது தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். உறவுக்காரர் ஒருவர் காரை இப்படிப் புதைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். டயரில் 30 பி.எஸ்.ஐ. இருந்த காற்றை 18க்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரிவிட்டு, காய்ந்த பனை ஓலைகளை அடியில் செருகி, இரண்டாம் கியரில் மெதுவாக நகர்த்தித்தான் எடுத்தோம். காற்றுக் குறைந்தால் டயர் அகலமாகப் பரவி எடையைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றரை மணி நேரம் போனது. அன்றைக்கு நடை கிடையாது.

8. மணலில் நடக்கும் முறை

முதல் அரை மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். குளிர்ச்சியாக இருக்கும், உற்சாகமாக இருக்கும், அதனால் எல்லாரும் ஓடுவார்கள்.

மேட்டை நேராக ஏற வேண்டாம். காற்று மேற்கேயிருந்து மணலைத் தள்ளுவதால் பொதுவாக மேற்குச் சரிவு சாய்வாகவும், கிழக்குச் சரிவு செங்குத்தாகவும் இருக்கும். சாய்வுப் பக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாக ஏறி, உச்சி கிடைத்ததும் அதன் முதுகிலேயே நடங்கள். பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறுவதுதான் ஆளை முடிக்கும். இளமணல் வந்தால் வரிசையாக, முன்னால் போகிறவர் வைத்த தடத்திலேயே கால் வையுங்கள். அது ஏற்கெனவே அமுங்கிய மணல். முன்னால் போகிறவரைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். குழுவில் மெதுவாக நடக்கிறவர் இரண்டாவது ஆளாக வரட்டும், அவருக்கு ஏற்ற வேகத்தில் எல்லாரும் நடக்கலாம். கடைசியில் அனுபவமுள்ள ஒருவர்.

ஓடை வந்தால் கவனம். மழைத் தண்ணீர் தேரியை ஆழமாக அறுத்து வைத்திருக்கும். சுவர் செம்மண்ணாக, உறுதியாகத்தான் தெரியும், ஆனால் விளிம்பு அடியில் குடைந்திருக்கும். படம் எடுக்க விளிம்பில் நிற்பது இங்கே நான் திட்டுகிற ஒரே விஷயம். கீழே ஓடைக்குள் சுவரை ஒட்டி உட்காருவதும் அப்படித்தான்.

உடைமரத்தடியிலும் கொல்லா மரத்துச் சருகிலும் கை விடாதீர்கள், பார்க்காமல் உட்காராதீர்கள். சுருட்டை விரியன் மணல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். செதிலை உரசி 'சர்ர்' என்று சத்தம் கொடுக்கும், அதைக் கேட்டால் நின்று, பின்னால் வந்துவிடுங்கள்.

9. எங்கே நின்று பார்ப்பது

வெயிலை முதுகுக்கு வைத்துப் பாருங்கள். காலையில் உச்சியில் நின்று மேற்கே பார்த்தால் மேடு மேலே மேடாகச் சிவப்பு நீளும், நடுநடுவே உடைமரத்தின் தட்டைக் குடைகள், ஓரத்தில் பனை வரிசை. ஏழிலிருந்து எட்டு மணிவரை நிழல் நீளமாக விழுவதால் காற்று போட்ட வரிகள்கூடத் தனித்தனியாகத் தெரியும். அதே இடத்தில் ஒன்பதரைக்கு நின்றால் எல்லாம் வெளுத்துப்போய், செங்கல் சூளை மாதிரி இருக்கும். படம் எடுக்கிறவர்கள் குழுவுக்கு முன்னால் நடக்க வேண்டும். முன்னால் இருக்கும் மணலில்தான் தடம் இருக்காது.

10. நடுப்பகலையும் மாலையையும் பிரித்து வையுங்கள்

பத்தரைக்குக் கோயில் நிழலுக்கு வந்துவிட்டீர்கள். மூன்றரை வரை எங்கும் நகராதீர்கள். பகல் நடை என்றால் பகல் முழுக்க நடப்பது என்று யாரும் சொல்லவில்லை. ஷூவைக் கழற்றி, முள் எடுத்து, சாப்பிட்டு, துண்டை விரித்துப் படுங்கள். சுனைத் தண்ணீர் கோயிலுக்கு உரியது. சோப்பு, குளியல் என்று கிளம்பாமல் அங்கிருப்பவர்களைக் கேட்டு அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

மாலைக்கு மறுபடி தேரிக்குள் போவதைவிட மணப்பாடு போவதைத்தான் நான் விரும்புவேன். திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர், குலசேகரன்பட்டினம் தாண்டி. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். ஏற்றம் சின்னதுதான். காலையில் சிவப்பைப் பார்த்த கண்ணுக்கு இங்கே வெளிர்மணலும் நீலமும். குலசை தசரா நாள்களிலும் செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டியும் போனால் வண்டியிலேயே பொழுது போய்விடும்.

11. ஏதாவது ஆனால்

தலைவலி, குமட்டல், நடை தள்ளாடுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது. இதில் எது தெரிந்தாலும் நடையை நிறுத்துங்கள். நிழலில் படுக்க வைத்து, தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டு விசிறுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினால் 108.

பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடித்த காலை அசையாமல் கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். திருச்செந்தூர் அரசு மருத்துவமனைதான் கிட்டே. ஒருவரைத் தூக்க நாலு பேர் வேண்டும். ஐந்துக்குக் குறைந்த குழுவோடு உள்ளே போகாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

12. வெளியே வந்த பிறகு

வண்டியில் ஏறும் முன் ஷூவைக் கழற்றித் தட்டிவிடுங்கள். மணலைப் பாட்டிலில் அடைத்து எடுத்து வராதீர்கள், காப்புக்காட்டு மண் அது. பையில் குப்பையை எண்ணிப் பாருங்கள். உள்ளே போன தண்ணீர்ப் பாட்டில் எத்தனையோ அத்தனையும் வெளியே வந்திருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவரிடம் உங்கள் திட்டத்தையும் "பதினொன்றரைக்குள் போன் வரவில்லை என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு" என்பதையும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள், இல்லையா? அவரை மறந்துவிடாதீர்கள். ஒரு தடவை நாங்கள் பத்து மணிக்கே வெளியே வந்து, நுங்கு தின்றுகொண்டு கதையளந்துகொண்டிருந்தோம். பன்னிரண்டு மணிக்கு வனக்காவலர் பைக்கில் வந்து நின்று, "நீங்கதானா காணாமப் போனது?" என்றார்.